பிளானை வைத்து ரெக்கும்பென்ட் சைக்கிள்: எந்த அளவை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ரெக்கும்பென்ட் என்றால், முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்பக்கம் நீட்டி மிதிக்கிற சைக்கிள். தொழிற்சாலையில் செய்து விற்பவை உண்டு. எண்ணிக்கை குறைவு, அதனால் விலை அதிகம். இவ்வளவு அரிதாகிப் போனதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பிரான்சில் சார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் 1933 ஜூலையில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-ல் வைத்த 44.247 கி.மீ. சாதனை அதோடு போனது. அடுத்த வருடமே உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ., பந்தய சைக்கிள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதி இதை வெளியே தள்ளிவிட்டது. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் எதற்குச் செய்யப் போகின்றன? வீட்டுப் பட்டறையில் செய்து பார்த்தவர்கள் அளவுகளை வரைந்து அடுத்தவருக்குக் கொடுத்ததில்தான் இந்த வகை பெரும்பாலும் பிழைத்தது என்று எனக்குத் தோன்றும்.

நான் செய்ததும் அப்படி ஒரு பிளானை வைத்துத்தான். முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 26. இரண்டு அச்சுக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். இதை ஷார்ட் வீல்பேஸ் என்கிறார்கள். 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், அறுத்துப் போட இரண்டு பழைய சைக்கிள்கள், இவைதான் மூலப்பொருள்.

பிளானில் அளவுகள் ஏராளமாக இருக்கும். அவற்றில் முக்கால்வாசி, வரைந்தவருக்கு அன்று கிடைத்த பைப்பையும் அவருடைய கால் நீளத்தையும் பொறுத்தவை. மீதி உள்ள சிலதான் வண்டி நேராகப் போவதையும் முட்டி வலிக்காமல் இருப்பதையும் தீர்மானிப்பவை. இரண்டையும் ஒரே பேனாவால்தான் எழுதியிருப்பார்கள். எனவே வேலையைத் தொடங்கும் முன் பிளானை எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றக்கூடாத அளவுகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். என் கணக்கில் அவை: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கோணம், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்பது, சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் உங்கள் காலுக்குப் பொருந்துவது, செயின் போகும் பாதை. மற்றதெல்லாம் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கக் கூடியவை.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிளானோடு சில உறுப்புகளின் முழு அளவுப் படங்களும் வரும். வெட்டி எடுத்து பைப்பில் ஒட்டி, அந்தக் கோட்டின்படி அறுப்பதற்கு. அச்செடுக்கும்போது படத்தைத் தாளுக்குள் அடக்கும் தேர்வு பல கணினிகளில் தானாகவே போட்டிருக்கும். அது படத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. 100 மி.மீ. என்று எழுதியிருக்கும் ஏதாவது ஒரு கோட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். 96 வந்தால் அந்தத் தாள் குப்பைக்கு.

சரி, ஃபோர்க் கோணம். ஃபோர்க்கின் தண்டு செருகிச் சுழலும் குழாய்தான் ஹெட் டியூப். அதன் சாய்வை அப்படியே கீழே நீட்டினால் அது தரையில் ஒரு இடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குத்தான் டிரெயில் என்று பெயர். கையை லேசாக விட்டாலும் சக்கரம் நேராகத் திரும்பி நிற்கப் பார்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. என் பிளானில் கோணம் 71 டிகிரி, ஃபோர்க்கின் முன்வளைவு 30 மி.மீ. டயரோடு சேர்த்து 245 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு டிரெயில் 53 மி.மீ. வருகிறது. கோணம் 68 ஆகிவிட்டால் அது 67 மி.மீ. ஆகிவிடும். தாளில் பார்த்தால் 3 டிகிரி ஒன்றுமே இல்லை, ஓட்டிப் பார்த்தால் அது வேறு வண்டி. வேகத்தில் நிதானமாகப் போகும். மெதுவாகப் போகும்போதோ சக்கரம் ஒரு பக்கம் மடங்கி விழப் பார்க்கும், கை அதோடு மல்லுக்கட்டும்.

கோணத்தை யாரும் வேண்டுமென்று மாற்றுவதில்லை. வேறொன்றை மாற்றும்போது அதுவும் சேர்ந்து மாறிவிடுகிறது. ஒரு மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் முன்பக்கம் 17, 18 மி.மீ. உயர்ந்தால் ஹெட் டியூப் 1 டிகிரி பின்னால் சாயும். சாதா ஃபோர்க்குக்குப் பதிலாக, கிடைத்ததே என்று சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மாட்டினால் எளிதாக இரண்டு டிகிரி போய்விடும். பின்பக்கமும் அப்படித்தான். 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ.; 700சி ரிம்மில் 622. டயர் தடிமன் ஒன்றே என்றால் பின் அச்சு 31 மி.மீ. மேலே போகும், ஹெட் டியூப் கிட்டத்தட்ட 2 டிகிரி நிமிர்ந்துவிடும். 20 அங்குலம் என்ற பெயரிலேயே இரண்டு அளவு இருக்கிறது, 406-ம் 451-ம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

இதற்கு நான் கண்ட வழி, முதலில் சக்கரங்களையும் ஃபோர்க்கையும் சேகரித்துவிட்டு, தரையில் சாக்பீஸால் முழு அளவில் வண்டியை வரைவது. நேர்க்கோடு ஒன்று போட்டு அதுதான் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நிஜச் சக்கரங்களைப் படுக்க வைத்து, ஃபோர்க்கையும் வைத்து, 71 டிகிரிக்குக் கோணமானியை வைத்துத் திருப்பி, பிறகுதான் மெயின் பைப் எங்கே வர வேண்டும் என்று வரைய வேண்டும். பிளானில் பைப் நீளம் என்ன போட்டிருந்தாலும் தரைப்படம் சொல்வதையே அறுக்க வேண்டும். என் பைப் பிளானைவிட இரண்டு விரல்கடை நீளமாக வந்தது. கோணம் சரியாக இருந்தது.

குழாய் 1.6 மி.மீ. தடிமனா, 2 மி.மீ. தடிமனா என்று பலர் குழம்புவார்கள். 40 மி.மீ. சதுரக் குழாயில் 1.6 என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிலோ, 2 என்றால் 2.4 கிலோ. மெயின் பைப் ஒன்றரை மீட்டர். ஆக வித்தியாசம் முக்கால் கிலோகூட இல்லை. ஆர்க் வெல்டிங்கில் பழக்கம் குறைவு என்றால் 2 மி.மீ. எடுங்கள். மெல்லிய குழாயில் கை ஒரு நொடி தயங்கினால் ஓட்டை விழுந்துவிடும், அதை அடைக்கப் போய் இன்னும் பெரிதாகும். ஆனால் துத்தநாகம் பூசிய குழாய் மட்டும் வேண்டாம். பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். வேறு வழியில்லை என்றால் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தகுந்த முகமூடியோடு செய்ய வேண்டும். அரைக்கும் தூசியும் மூக்குக்குள் போகக்கூடாது.

பழைய சைக்கிளிலிருந்து ஹெட் டியூப், பின்சக்கரத்தைத் தாங்கும் பின் முக்கோணம், பெடல் அச்சு சுழலும் பிபி ஷெல் ஆகியவற்றை அறுத்து எடுக்கலாம். ஷெல்லை அறுக்கும் முன்பே அதன் வலது பக்கத்தில் பெயின்டால் ஒரு அடையாளம் வைத்துவிடுங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் வலது பக்க மரை எதிர்ச்சுற்று மரை. மிதிக்க மிதிக்க, மரையில் மாட்டிய பேரிங் கப் கழன்று வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஷெல்லைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டால் வலது கப் ஓயாமல் லூஸாகும். எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

வெல்டிங்கை நீங்களே செய்கிறீர்களோ, தெரிந்தவரிடம் கொடுக்கிறீர்களோ, நேர்பார்க்கும் வேலையை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். வெல்டருக்கு மூட்டு பலமாக இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. அது நேராக நிற்க வேண்டும் என்பது உங்கள் கவலை. இரும்பு ஆறும்போது பற்றவைத்த பக்கமாகச் சுருங்கி இழுக்கும், வெயிலில் ஒருபக்கம் காய்ந்த பலகை வளைவது மாதிரி. அதனால் ஒரு மூட்டை ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைக்கக்கூடாது. நான்கு மூலையிலும் டேக் அடித்து, அதாவது தற்காலிகமாகச் சின்னப் பொட்டு வைத்துப் பற்றவைத்து, அளந்து பார்த்து, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, நடுவே ஆறவிட்டுச் செய்ய வேண்டும். டேக் நிலையில் ஒரு தட்டு தட்டிச் சரிசெய்துவிடலாம். முழு வெல்டிங்குக்குப் பிறகு அறுத்துத்தான் ஆக வேண்டும்.

பின் முக்கோணத்தைப் பற்றவைக்கும்போது சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு மரைக்கம்பியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் உள்ளேயும் வெளியேயும் நட் போட்டு, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் அகலத்துக்கு (பெரும்பாலும் 130 அல்லது 135 மி.மீ.) இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது முக்கோணத்தின் இரண்டு கையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முறுக்கலைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பிபி ஷெல்லுக்குள் ஆட்டமில்லாமல் ஒரு நேர்க்கம்பி, பின் அச்சு இடத்தில் இன்னொரு நேர்க்கம்பி. இரண்டும் பக்கவாட்டில் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். சில அடி தள்ளி, ஃபிரேமுக்கு நேர் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தலையை மெதுவாகத் தாழ்த்தும்போது முன்கம்பி முழுவதும் ஒரே நேரத்தில் பின்கம்பிக்குப் பின்னால் மறைய வேண்டும். ஒரு முனை முதலில் மறைந்து மறுமுனை பிறகு மறைந்தால் அந்த அளவுக்கு முறுக்கல் இருக்கிறது. அரை டிகிரியைக்கூட இப்படிப் பார்த்துவிடலாம். ஹெட் டியூபுக்கு, அதற்குள் ஒரு நீளக் கம்பியைச் செருகி, பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலும் கம்பியும் இணையாக வருகின்றனவா என்று நேர் முன்னாலிருந்து பார்த்தேன். பின்சக்கரம் செங்குத்தாக நிற்கும்போது இந்தச் சோதனை செய்தால்தான் பொருள் உண்டு. ஹெட் டியூப் சூட்டில் லேசாகக் கோழிமுட்டை வடிவத்துக்குப் போகும்; பேரிங் கப் உள்ளே போக மறுத்தால் சுத்தியலால் அடிக்காமல், உள்ளே தேய்த்துச் சரிசெய்வது நல்லது.

மிதிப்புப் பகுதியைத் தாங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பை பூம் என்பார்கள். ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப அது உள்ளே வெளியே நகர வேண்டும். என் பிளானில் அதை ஒரே ஒரு போல்ட்டில் இறுக்கும்படி வரைந்திருந்தது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபோது வட்ட பூம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டது. இரண்டு போல்ட் போட்டு, இறுக்குவதற்காக வெளிப்பைப்பில் அறுத்த பிளவின் முனையில் விரிசல் ஓடாமல் இருக்க 6 மி.மீ. துளை போட்ட பிறகு நின்றது. இரண்டு பைப்புக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரியும்.

இனி செயின். இந்த வகை வண்டியில் பாதித் தலைவலி இங்கேதான். ஒரு சாதா செயினில் 114 அல்லது 116 கண்ணி இருக்கும். இதற்கு ஏறத்தாழ இரண்டரை செயின் வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்க்காதீர்கள்: தேய்ந்த செயினின் கண்ணி இடைவெளி நீண்டிருக்கும், அந்தப் பகுதி வரும்போதெல்லாம் பல்லில் சரியாக உட்காராமல் கடகடக்கும். பெடலிலிருந்து பின்சக்கரம் வரை நேராகப் போக வழியில்லை, நடுவே சீட்டும் முன்சக்கரமும் இருக்கின்றன. அதனால் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்துச் செயினைத் திசைதிருப்ப வேண்டும். அதுதான் ஐட்லர்.

பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் அதன் மேல் விழும் பாரம் அதிகம். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 170 மி.மீ. என்றும், அதில் 50 கிலோ அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்ரிங் 42 பல் என்றால் அதன் ஆரம் 85 மி.மீ. ஆக, செயினில் இழுவை 100 கிலோ. அந்தச் செயின் ஐட்லரில் 20 டிகிரி திரும்பினால் ஐட்லர் தாங்குவது 35 கிலோ. 28 பல் ரிங்குக்கு இறக்கினால் இழுவை 150-ஐத் தொடும், ஐட்லருக்கு 50-க்கு மேல். முதுகுக்குச் சீட் இருப்பதால் 50 கிலோவுக்கும் மேலே அழுத்த முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் கியர் மாற்றியிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் குட்டிச் சக்கரம் இழுவைப் பக்கத்துக்கு ஆகாது. நல்ல பால் பேரிங் உள்ள, ரோலர் ஸ்கேட் சக்கரத்தில் பள்ளம் கடைந்தது போன்ற ஒன்று வேண்டும். அதை மாட்டும் போல்ட்டை ஒருபக்கம் மட்டும் தாங்கவிட்டால் வளையும். இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பிடியுங்கள். கூடவே, செயின் துள்ளி வெளியே போகாமல் ஒரு கம்பிக் காப்பு.

திரும்பி வரும் செயினில் இழுவை சொற்பம். அதற்கு வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுவிட்டால் போதும், கெண்டைக்காலில் கறுப்புக் கோடு விழாது. குழாயின் இரு முனையையும் சூடுகாட்டிப் புனல் போல் விரித்துவிட்டால் சத்தம் பாதியாகக் குறையும். குழாயை இறுக்கிக் கட்டாமல் ஒரு முனையை மட்டும் பிடித்துவிட்டு மறுமுனையை மிதக்கவிடுங்கள். கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் அசைய இடம் வேண்டும்.

சீட்டில் பிளானைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டிய அவசியமில்லை, உங்கள் முதுகு உங்களுடையது. மெல்லிய பிளைவுட்டை அடுக்கி, வளைந்த அச்சின் மேல் பசை போட்டு இறுக்கி, ஒரு நாள் விட்டு எடுத்தால் நல்ல ஓடு கிடைக்கும். காற்றுக்கு ஓட்டைகள் போடலாம். முக்கியமான ஒன்று, இடுப்புக்குச் சற்று மேலே சீட் அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கக்கூடாது. காலின் அழுத்தம் எல்லாம் அங்கேதான் வந்து முட்டும். முதல் வண்டிக்கு ரொம்பப் படுத்த நிலை வேண்டாம். தரையிலிருந்து 40 டிகிரி அளவுக்கு முதுகு சாய்ந்தால் சாலையும் தெரியும், காற்றும் ஓரளவு விலகும்.

பெடல் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு: முதுகைச் சீட்டில் நன்றாக ஒட்டிவைத்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இதைவிடக் கிட்டத்தில் வைத்தால் முட்டி வலி நிச்சயம். நிமிர்ந்த சைக்கிளில் அழுத்தம் கூடினால் உடம்பு சீட்டிலிருந்து எழும்பிவிடும். இங்கே எழும்ப முடியாது, முட்டிதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பூம் நகர்ந்தால் செயின் நீளமும் மாறும். செயினை ஒரு அங்குலத்துக்குக் குறைவாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அது பூமில் 12.7 மி.மீ. நகர்வுக்குச் சமம். அதற்கிடைப்பட்ட மில்லிமீட்டர்களைக் கியர் மாற்றியின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

பிரேக்கில் புதிதாக ஒன்றுமில்லை. பின் பிரேக் ஒயர் மட்டும் சாதா நீளத்தில் எட்டாது, இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளுக்கான நீள ஒயர் கேளுங்கள். வி-பிரேக் என்றால் அதற்கான லீவர்தான் போட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு வருவோம். எத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் முதல் சில நிமிடங்களுக்கு அதெல்லாம் செல்லாது. நிமிர்ந்த சைக்கிளில் இடுப்பை அசைத்துச் சமநிலை பார்த்தே பழகியிருப்போம். இங்கே இடுப்பைச் சீட் பிடித்துக்கொள்ளும். லேசான சரிவுள்ள, ஆளில்லாத இடமாகப் பாருங்கள். முதலில் பெடலைத் தொடாமல், இரண்டு காலையும் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டு உருளுங்கள். அது கைவந்த பிறகு கியரைக் குறைத்து, ஒரு பெடலை உச்சிக்குச் சற்று முன்னால் நிறுத்தி, ஒரே அழுத்து. மறு கால் யோசிக்காமல் மேலே வந்துவிட வேண்டும். பாதி மனதோடு அழுத்தினால் கட்டாயம் சாய்வீர்கள். தோள் சீட்டில் படிந்திருக்கட்டும், கையில் இரண்டு விரல் பிடிமானம் போதும். பயத்தில் ஹேண்டிலை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி பாம்பாக நெளியும். இந்த வண்டியில் விழுபவர்களில் பாதிப் பேர் ஹேண்டிலைப் பிடித்த பிடியால்தான் விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். நல்லவேளை, உயரம் குறைவு. கை முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான்.

மெதுவாகப் போய் முழுதாகத் திரும்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் உரசும். ஷார்ட் வீல்பேஸ் வண்டிகளில் இது சகஜம். திருப்பத்தில் அந்தப் பக்கத்துப் பெடலை எங்கே நிறுத்தினால் உரசவில்லை என்று நின்ற இடத்திலேயே ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்துப் பழகிவிடுங்கள். கிராங்க்கை 170-லிருந்து 155-க்கு மாற்றினால் பெருமளவு சரியாகும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. கியரை இறக்கி, பொறுமையாகக் காலைச் சுழற்ற வேண்டியதுதான். தொடையின் வேறு தசைகள் வேலைக்கு வருவதால் முதலில் பழைய வேகம் வராது, சில வாரங்களில் தேறிவிடும். சமதரையில், அதுவும் எதிர்க்காற்றில், 1933-ல் ஃபோருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று புரியும். சாலைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடியும் உயரக் கொடிக்கம்பும் அவசியம். தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினம், பெரிய வண்டிக்காரர் கண்ணில் நாம் படுவது அதைவிடக் கடினம்.

பெயின்ட் கடைசியில். குறைந்தது ஒரு மாதம் வெறும் பிரைமரோடு ஓட்டுங்கள். ஐட்லரின் இடம், சீட்டின் சாய்வு, ஒயர் கிளிப்புகள் எல்லாம் எப்படியும் மாறும், வெல்டிங்கில் விரிசல் விட்டாலும் பிரைமரில் சட்டென்று தெரியும். பெயின்ட் அடிக்கும் முன் ஃபிரேமின் தாழ்ந்த இடத்தில், மூட்டிலிருந்து விலகி, 4 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். சதுரக் குழாய்க்குள் எப்படியாவது தண்ணீர் புகும், வெளியேற வழி இருக்கட்டும். அந்தத் துளை வழியாகவே உள்ளே கொஞ்சம் பழைய எஞ்சின் ஆயிலை விட்டு, ஃபிரேமைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் உருட்டி, மீதியை வடித்துவிட்டேன். வெளியே ஒழுகியதை நன்றாகத் துடைத்துவிட்டு அடியுங்கள், எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.